ஓடிஎஸ் பணம் கட்டி முடித்த பிறகு

தொழில் நொடித்து, வீட்டுக்கடன் தவணை தவறி, கணக்கு வாராக்கடன் ஆகி, நோட்டீஸ் ஒட்டப்பட்டு, கடைசியில் வங்கியோடு பேசி ‘ஒன் டைம் செட்டில்மெண்ட்’ (ஓடிஎஸ்) வாங்கியிருப்பீர்கள். நகையை விற்றோ, சொந்தக்காரரிடம் கைமாற்று வாங்கியோ கடைசித் தொகையையும் கட்டியிருப்பீர்கள். அன்று இரவு வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவது நியாயம்தான். ஆனால் வீட்டுக்கடன் என்பது வங்கியின் கணக்கில் மட்டும் இருப்பதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில், கடன் தகவல் நிறுவனங்களில், சில சமயம் நீதிமன்றத்திலும் பதிவாகிக் கிடக்கிறது. ஓரிடத்தில் முடித்தால் மற்ற இடங்களில் தானாக முடிந்துவிடாது. இது தெரியாமல் விட்டவர்கள், பல வருடம் கழித்து மகள் கல்யாணத்துக்காக வீட்டை விற்கப் போகும்போதுதான் அலைகிறார்கள். பணம் கட்டிய சூடு ஆறுவதற்குள் செய்தால் இந்த வேலைகள் எல்லாமே சுலபம்.

முதலில், ஓடிஎஸ் கடிதத்தை எடுத்து மறுபடி வரிவரியாகப் படியுங்கள். எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள், எத்தனை தவணையில், தாமதமானால் என்ன வட்டி என்பதெல்லாம் அதில் இருக்கும். கெடு தவறினால் சலுகை ரத்து, பழைய பாக்கி முழுவதும் வட்டியோடு உயிர்பெறும் என்ற ஒரு நிபந்தனையும் அநேகமாக எல்லாக் கடிதத்திலும் இருக்கும். அதை வெறும் மிரட்டல் என்று நினைக்கக் கூடாது. ஓடிஎஸ் கெடுவை நீட்டிக்கும்படி உயர் நீதிமன்றம் வங்கிக்கு உத்தரவிட முடியாது என்று 2022இல் ஸ்டேட் வங்கி தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதற்கு முந்தைய வருடம் வந்த இன்னொரு தீர்ப்பில், ஓடிஎஸ் கொடுங்கள் என்று உரிமையாகக் கேட்கவே கடன்தாரருக்கு வழியில்லை என்றும் சொல்லிவிட்டது. ஆகவே இன்னும் தவணை பாக்கி இருந்தால், கெடு தேதிக்கு நாலைந்து நாள் முன்பே பணம் வங்கிக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது, சர்வர் வேலை செய்யவில்லை என்ற காரணங்களை நம்பி இருக்காதீர்கள்.

பணம் கட்டியதும் கடன் கணக்கின் முழு அறிக்கையைக் கேளுங்கள். கடைசி வரியில் நிலுவை பூஜ்யம் என்று வர வேண்டும். ஓடிஎஸ் தொகையைத் தவணையாகக் கட்டியவர்களுக்கு இங்கேதான் பிசகு வரும். ஒரு தவணை இரண்டு நாள் தள்ளிப் போயிருக்கும், அதற்கான வட்டி சில நூறு ரூபாய் கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். வக்கீல் நோட்டீஸ் செலவு, ஏல விளம்பரச் செலவு என்று ஏதாவது தனியாகப் பற்று வைக்கப்பட்டிருக்கும். அது ஓடிஎஸ் தொகைக்குள் அடக்கமா இல்லையா என்பதைக் கடிதத்தை வைத்துக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ‘நோ டியூஸ்’ சான்றிதழ். வங்கியின் லெட்டர்ஹெட்டில், கடன் கணக்கு எண்ணோடு, உங்கள் பெயர், கூட்டுக் கடன்தாரர் பெயர், ஜாமீன் போட்டவர் பெயர் எல்லாம் எழுதி, இனி எந்த நிலுவையும் இல்லை என்று தேதியும் முத்திரையும் வைத்துத் தர வேண்டும். மேலாளர் வாய்வார்த்தையாகச் சொல்வதும் போனில் வந்த குறுஞ்செய்தியும் போதாது. அந்த மேலாளர் அடுத்த வருடம் வேறு ஊரில் இருப்பார்.

அடுத்தது பத்திரம். 2023 செப்டம்பர் 13 அன்று ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. தனிநபர்கள் வாங்கிய வீட்டுக்கடன் போன்ற கடன்கள் முழுதாகக் கட்டப்பட்டோ செட்டில்மெண்ட் ஆகியோ முடிந்தால், 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், எந்தப் பதிவேட்டில் அடமானம் பதியப்பட்டிருந்தாலும் அதையும் நீக்க வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் கடன்தாரருக்குத் தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. வங்கி, வீட்டுவசதி நிதி நிறுவனம், கூட்டுறவு வங்கி எல்லாவற்றுக்கும் பொருந்தும். ‘நீங்கள் செட்டில்மெண்ட் கேஸ்தானே, மெதுவாகத்தான் வரும்’ என்று யாராவது சொன்னால், செட்டில்மெண்ட்டும் அந்த உத்தரவிலேயே இருக்கிறது என்று சொல்லுங்கள். கடன் வாங்கிய கிளையிலோ, ஆவணம் இருக்கும் அந்த வங்கியின் வேறு அலுவலகத்திலோ பெற்றுக்கொள்ளலாம், எங்கே என்பது உங்கள் விருப்பம்.

ஆவணங்களை வாங்கும் நாளில் அவசரப்படாதீர்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். கடன் வாங்கியபோது வங்கி கொடுத்த ஆவணப் பட்டியல் இருந்தால் அது, இல்லையென்றால் பதிவு செய்த அடமான ஆவணத்தின் நகல் கையில் இருக்கட்டும். எந்தெந்தப் பத்திரத்தை ஒப்படைத்தீர்கள் என்பது அதன் அட்டவணையில் எழுதியிருக்கும். மூலப் பத்திரம், உங்கள் கிரயப் பத்திரம், இடையில் பாகப்பிரிவினையோ செட்டில்மெண்ட் பத்திரமோ இருந்தால் அது, கட்டட வரைபட அனுமதி என ஒவ்வொன்றையும் எடுத்து ஆவண எண்ணும் வருடமும் சரியா என்று பாருங்கள். அசலா நகலா என்பதை உறுதி செய்யுங்கள். முத்திரைத்தாளின் பின்பக்கம் சார்பதிவாளர் முத்திரையும் கையெழுத்தும் இருக்கும், அதையும் திருப்பிப் பாருங்கள். பக்கங்களை எண்ணுங்கள். பழைய பத்திரங்களில் கடைசித் தாள் கழன்று போயிருப்பது சகஜம். எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து. ஏதாவது குறைந்தால் அந்த ரசீதிலேயே இன்னது வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பத்திரத்தை வங்கி தொலைத்துவிட்டது என்றால் சான்றிட்ட நகல் எடுக்க உதவி செய்து, அதற்கான செலவையும் வங்கியே ஏற்க வேண்டும். இதற்குக் கூடுதலாக 30 நாள் அவகாசம் உண்டு, அதைத் தாண்டினால் அந்த 5,000 ரூபாய்க் கணக்கு தொடங்கும்.

பத்திரம் கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைத்துக் கடன் வாங்குவது சொத்து மாற்றுச் சட்டம் 1882இன்படி ஒருவகை அடமானம். அந்த ஒப்படைப்பை இங்கே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது வழக்கம். வங்கிக்காரர்கள் ‘எம்ஓடி’ என்று சொல்வது இதைத்தான். பதிவானதால் அது உங்கள் சொத்தின் வில்லங்கச் சான்றில் ஒரு வரியாக ஏறிவிட்டது. வங்கி பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் அந்த வரி அப்படியே இருக்கும். அதற்கு எதிராக, கடன் தீர்ந்தது என்று வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலர் ஒரு ரசீது ஆவணம் எழுதிக்கொடுத்து, அதையும் அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். செலவு வழக்கமாகக் கடன்தாரர் தலையில்தான் விழும். ஆவண எழுத்தரிடம் ரசீதை எழுதச் சொல்லும்போது எம்ஓடியின் ஆவண எண், வருடம், சர்வே எண் மூன்றையும் அதைப் பார்த்தே எழுதச் சொல்லுங்கள். ஓர் எண் மாறினாலும் ரசீது வேறு எதற்கோ போட்டதுபோல் ஆகிவிடும்.

பதிவான சில நாளில் பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். எம்ஓடி வரி மறைந்திருக்காது, மறையவும் மறையாது. அதற்குப் பின்னால் ரசீது வரி வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வீடு வாங்க வருபவரின் வக்கீல் தேடுவது அந்தச் சோடியைத்தான். அதுபோக, அடமானங்களைப் பதிந்துவைக்கும் ‘செர்சாய்’ என்ற மத்தியப் பதிவகம் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து நீக்குவது வங்கியின் பொறுப்பு, நீக்கியாகிவிட்டது என்று எழுத்தில் ஒரு வரி கேட்டு வாங்குங்கள்.

உங்கள் கடனை வங்கி இடையில் ஏதாவது சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றிருந்தால் ஒரு சிக்கல் கூடும். எம்ஓடி பழைய வங்கியின் பெயரில் இருக்கும், பணம் வாங்கியவரோ புதிய நிறுவனம். ரசீது எழுதிக்கொடுக்க வேண்டியது புதிய நிறுவனம்தான். கடன் அவர்களுக்கு எந்த ஆவணத்தின்படி மாறியது என்ற விவரம் ரசீதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் படிப்பவருக்குத் தொடர்பு புரியாது.

வழக்குகளை மறந்துவிடாதீர்கள். அடமானச் சொத்தைக் கைப்பற்றுவதற்கான சர்ஃபாசி சட்ட நோட்டீஸோடு நின்றிருந்தால், நடவடிக்கையைக் கைவிட்டதாக ஒரு கடிதம் போதும். சென்னை, கோவை, மதுரை கடன் வசூல் தீர்ப்பாயங்களில் வழக்கு இருந்தால், செட்டில்மெண்ட்டைப் பதிவு செய்து வழக்கை முடித்ததற்கான உத்தரவின் நகலை வாங்குங்கள். அதிகம் பேர் கோட்டைவிடுவது காசோலை வழக்கில். ஈஎம்ஐக்காகக் கொடுத்த செக் திரும்பி, மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போட்ட வழக்கு, நீங்கள் வங்கியில் பணம் கட்டியதால் தானாக முடியாது. வங்கி கோர்ட்டில் சமரசம் என்று சொல்லி முடிக்க வேண்டும். அதுவரை வாய்தா ஓடிக்கொண்டிருக்கும், ஆஜராகாவிட்டால் பிடிவாரண்டும் வரலாம். பணம் கட்டி முடித்த ஒரு மனிதரைப் போலீஸ் தேடி வருவது கொடுமை. மீதமுள்ள வெற்றுக் காசோலைகளைத் திரும்ப வாங்குவதும், உங்கள் சேமிப்புக் கணக்கில் ஈஎம்ஐ பிடிக்கக் கொடுத்த ஆணையை ரத்து செய்வதும் இதோடு சேர்ந்த வேலை.

கடன் வாங்கியவர் இடையில் இறந்துபோயிருந்தால், வாரிசுகளிடம் ஆவணத்தை ஒப்படைக்க ஒவ்வொரு வங்கியும் ஒரு நடைமுறை வகுத்துத் தன் இணையதளத்தில் போட வேண்டும் என்று அதே 2023 உத்தரவு சொல்கிறது. வாரிசுச் சான்று, இறப்புச் சான்றோடு போய் அந்த நடைமுறையைக் கேளுங்கள்.

இதில் எதற்காவது வங்கி இழுத்தடித்தால் முதலில் எழுத்துமூலம் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்திலேயே புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

இனி சிபில், அதாவது கடன் தகவல் அறிக்கை. இதைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: செட்டில்மெண்ட்டில் முடிந்த கடன் உங்கள் அறிக்கையில் ‘க்ளோஸ்ட்’ என்று வராது, ‘செட்டில்ட்’ என்று வரும். முழுப் பணமும் வரவில்லை, குறைத்துக்கொண்டு முடித்தோம் என்று வங்கி மற்ற வங்கிகளுக்குச் சொல்லும் செய்தி அது. கடன் தகவல்களைக் குறைந்தது ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. 2023 ஜூனில் வந்த ரிசர்வ் வங்கி விதியின்படி, சமரசத்தில் முடித்தவருக்கு அதே வங்கி விவசாயக் கடன் தவிர்த்த புதுக்கடன் கொடுக்கக் குறைந்தது 12 மாதம் பொறுத்திருக்க வேண்டும். இதனால் மனம் உடைய வேண்டியதில்லை. செலுத்தப்படாமல் கிடக்கும் கடனைவிட ‘செட்டில்ட்’ எவ்வளவோ மேல். ஆனால் அறிக்கை சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் கையில் இருக்கிறது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் பாருங்கள். நிலுவைத் தொகை பூஜ்யமா, ஜாமீன் போட்டவர் அறிக்கையிலும் அது மாறியிருக்கிறதா என்று பாருங்கள். உங்களை நம்பிக் கையெழுத்துப் போட்டவருக்கு நீங்கள் செய்ய வேண்டிய கடமை இது. தவறு இருந்து புகார் கொடுத்தால் 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குச் சேரும்.

வருமானம் மீண்ட பிறகு, தள்ளுபடியான தொகையையும் கட்டி ‘க்ளோஸ்ட்’ ஆக்கிக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பல வங்கிகள் ஒப்புக்கொள்கின்றன. அடுத்த சில வருடத்தில் வீட்டுக்கடனோ பிள்ளை படிப்புக்குக் கடனோ கண்டிப்பாகத் தேவை என்றால் யோசிக்கலாம். இல்லையென்றால் அந்தப் பணத்தைக் கைமாற்று கொடுத்தவருக்குத் திருப்பிக் கொடுப்பதே முறை என்பது என் எண்ணம். கட்டுவது என்று முடிவெடுத்தால், இவ்வளவு கட்டினால் இத்தனை நாளில் ‘க்ளோஸ்ட்’ என்று மாற்றி அனுப்புவோம் என்ற கடிதம் கைக்கு வந்த பிறகே பணத்தைக் கட்டுங்கள்.