தேய்ந்த பிளேட்டும் மோட்டாரின் உண்மைப் பலமும்

புல்மோட்டையிலிருந்து கொக்கிளாய்க்குப் போய் மீன் எடுக்கும் சகோதரர் ஒருவர், ஐஸ் அரைக்கும் மெஷினுக்காகப் பழைய திரீ பேஸ் மோட்டார் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். விற்பவர் சொன்னது ஐந்து குதிரைவலு. பிளேட்டிலோ, உப்புக் காற்று தின்றது போக, 400 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், 6.5 அம்பியர், 1430 சுற்று என்பவை மட்டும் மிச்சம். கிலோவாட் இருந்த இடம் வெறும் துரு. "இதை வைத்து ஏதும் சொல்லலாமா நானா?" என்று கேட்டார்.

தாராளமாகச் சொல்லலாம். 400ஐ 6.5ஆல் பெருக்கி, அதை 1.73ஆல் பெருக்கினால் சுமார் 4,500 வரும். அவ்வளவும் தண்டுக்கு வந்து சேராது. இந்த அளவு மோட்டாருக்கு பவர் பெக்டர் 0.82, செயற்திறன் 0.82 என்று வைத்து இரண்டாலும் பெருக்கினால் மிஞ்சுவது ஏறக்குறைய 3,000 வாட். ஒரு குதிரைவலு 746 வாட். ஆக, இது நாலு குதிரைவலு மோட்டார்.

கணக்கில் நம்பிக்கை இல்லாதவர் டேப்பை எடுக்கட்டும். காலின் அடியிலிருந்து தண்டின் நடுமையம் வரையுள்ள உயரத்தை அளக்க வேண்டும். சர்வதேச அளவில் செய்த 1500 சுற்று வகை மோட்டார்களில் 90 மில்லிமீற்றர் என்றால் வழமையாக 1.1 அல்லது 1.5 கிலோவாட், 100 என்றால் 2.2 அல்லது 3. 112 என்றால் 4. 132 என்றால் 5.5 அல்லது 7.5. சகோதரர் அளந்தார், சரியாக 100. தண்டின் தடிப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. 100க்கும் 112க்கும் தண்டு ஒரே 28 மில்லிமீற்றர்தான். ஏமாற்றம் நடப்பதும் இங்கேதான். பழைய அங்குல அளவு மோட்டார்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

சிலர் மோட்டாரை வெறுமனே ஓடவிட்டு கிளாம்ப் மீற்றரைப் பிடித்துப் பார்த்து, "மூன்று அம்பியர்தான் இழுக்கிறது, சின்ன மோட்டார்" என்பார்கள். சுமை இல்லாத மோட்டார் முழு அம்பியரில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரைதான் இழுக்கும். அதை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது.

சுற்று எண் அழியாமல் இருந்தால் அது பெரிய உதவி. நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் 2900க்குக் கிட்ட என்றால் இரண்டு துருவம், 1440க்குக் கிட்ட என்றால் நான்கு, 960க்குக் கிட்ட என்றால் ஆறு. 1725, 1750 என்று கண்டால் எச்சரிக்கையாக இருங்கள். அது 60 ஹேர்ட்ஸ் நாட்டுக்குச் செய்த மோட்டார். இங்கே சுற்றும் குறையும், பலமும் குறையும். வோல்ட் பொருந்தாவிட்டால் சூடேறி சுருளும் கருகும்.

இன்னொன்று, 230/400 என்று பிளேட்டில் இருந்தால் நமது 400 வோல்ட் லைனுக்கு ஸ்டார் இணைப்பு. 400/690 என்றால் டெல்டா. முன்னதை டெல்டாவில் கொடுத்தால் வயின்டிங் கடைக்குத்தான் போக வேண்டி வரும்.

நனைந்த தானியத்தை அடியில் மறைத்து வைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை நாம் அறிவோம். பிளேட் தேய்ந்திருப்பது விற்பவரின் குற்றமல்ல. தெரியாததைத் தெரிந்தது போல ஐந்து என்று சொன்னது சரியில்லை. சகோதரர் டேப்பைக் காட்டியதும் அவர் மறுபேச்சின்றி நாலு குதிரைவலு விலைக்கு இறங்கினார். மெஷினுக்கு ஐந்து தேவையென்பதால் இவர் வாங்காமல் வந்துவிட்டார். வரும் முன், அளந்த கணக்கை அந்த மோட்டாரின் மேலேயே பெயின்டால் எழுதிவிட்டு வந்தாராம்.