"இறந்த" பாடகர் மேடைக்கு வந்தார்!

அமெரிக்காவில் கார் தொழிலுக்குப் பேர் போன நகரம், டெட்ராய்ட். அங்கே மெக்சிகோவிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பத்தில் 1942-ல் பிறந்தவர் ரோட்ரிகஸ். மது விடுதிகளில் கிதார் வாசித்துப் பாடுவார். கூச்சத்தால், கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி பாடுவார்!

மைக் தியோடர், டென்னிஸ் காபி என்ற இருவர் அந்தக் குரலில் மயங்கினார்கள். "கோல்டு பேக்ட்" என்ற இசைத்தட்டைத் தயாரித்தார்கள். 1970-ல் வெளிவந்தது. விற்கவில்லை! 1971-ல் இன்னொரு தட்டு. அதுவும் விற்கவில்லை. கம்பெனி அவரைக் கைவிட்டது.

கூலி வேலை

குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டுமே! பழைய வீடுகளை இடிக்கும் வேலைக்குப் போனார், ரோட்ரிகஸ்.

கடல் கடந்த புகழ்

அதே தட்டு தென் ஆப்பிரிக்காவில் ஏராளமாக விற்றது. நிறவெறி ஆட்சியை வெறுத்த இளைஞர்கள் அவர் பாட்டுகளை மனப்பாடமாகப் பாடினார்கள். அவருக்கோ காசும் வரவில்லை, சேதியும் தெரியாது. "மேடையிலேயே தற்கொலை செய்துகொண்டார்" என்று வதந்தி வேறு!

உண்மை என்ன? ரசிகர்கள் சிலர் தேடினார்கள். 1997-ல், அவர் உயிரோடு இருப்பது தெரிந்தது.

1998-ல் அவர் தென் ஆப்பிரிக்கா போனார். மேடையில் ஏறியதும் ஆயிரக்கணக்கானோர் ஆரவாரம் செய்தார்கள். அவரோடு சேர்ந்து பாடினார்கள்.

மாறாத மனிதர்

இந்தக் கதையைச் சொன்ன படம் 2013-ல் ஆஸ்கார் பரிசு பெற்றது. ஆனாலும் அவர் பழைய வீட்டை விடவில்லை. வந்த பணத்தை உறவினருக்கும் நண்பர்களுக்கும் கொடுத்தார். 2023-ல், 81-வது வயதில் காலமானார்.

தியோடரும் காபியும் போட்ட கணக்குத் தப்பவில்லை. தென் ஆப்பிரிக்க மேடையில் கைதட்டல் கிடைக்கத்தான் 28 ஆண்டு ஆயிற்று!