இணையவழிப் பாடமும் உபாத்தியாயர் உழைப்பும்

இணையவழிப் பாடம் என்றால் செலவும் சிரமமும் குறைவு என்றொரு அபிப்பிராயம் நம் கலாசாலை நிர்வாகிகள் பலரிடையே வேரூன்றி வருகிறது. ஒரு பேராசிரியர் ஒரு தடவை காமிராவின் முன் நின்று பேசிவிட்டால் போதும். அந்தப் பேச்சே வருஷக்கணக்கில் பாடம் நடத்தும். அவரை வேறு வேலைக்கு அனுப்பலாம் என்று அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். இது தப்புக் கணக்கு என்பதே நமது அபிப்பிராயம். இதனால் நஷ்டமடைபவர் உபாத்தியாயர் மாத்திரமல்லர். அவரை நம்பிப் பணமும் காலமும் செலவிடும் மாணவரும் நஷ்டமடைகிறார்.

வகுப்பில் பாடம் சொல்லும் ஆசிரியர் மாணவரின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். நெற்றி சுருங்கினால் வேறு உதாரணம் சொல்கிறார். கொட்டாவி எழுந்தால் ஒரு கேள்வி போடுகிறார். நேற்றுச் சொன்னதில் பிழையிருந்தால் இன்று திருத்திக்கொள்கிறார். காமிராவுக்கு முகம் சுளிக்கத் தெரியாது. ஆகவே, எந்த இடத்தில் மாணவர் தயங்குவார், எதைத் தவறாக எண்ணுவார் என்பதையெல்லாம் முன்கூட்டியே ஊகித்து, பாடத்திலேயே பரிகாரம் வைக்க வேண்டியிருக்கிறது. பாடத்தை வாரவாரமாகப் பிரித்தல், பேச்சை எழுதுதல், பதிவு செய்தல், வெட்டி ஒட்டுதல், காது கேளாதவரும் படிக்கும்படி எழுத்துவரி சேர்த்தல், எடுத்தாளும் படங்களுக்கு உரியவரிடம் அனுமதி பெறுதல், ஒவ்வொரு தவறான விடைக்கும் அது ஏன் தவறு என்று விளக்கம் எழுதுதல் ஆகிய வேலைகள் யாவும் முதல் மாணவர் சேருமுன் முடிய வேண்டும். வகுப்பாசிரியரின் உழைப்பு பாடத்தோடு பாடமாக நடக்கிறது. இணையவழி ஆசிரியரின் உழைப்பில் பெரும்பகுதி பாடம் தொடங்குமுன்பே கண்ணுக்குத் தெரியாமல் நடந்துவிடுகிறது. தெரியாத உழைப்புக்குக் கூலி கொடுக்க எந்த நிர்வாகிக்குத்தான் மனம் வரும்?

இவ்வுழைப்பை அளந்து பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவிலுள்ள சாப்மன் அலையன்ஸ் என்ற நிறுவனம், தொழில் ஸ்தாபனங்கள் தங்கள் சிப்பந்திகளுக்கு நடத்தும் பயிற்சிகளை ஆராய்ந்து, 2010-ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டது. ஆசிரியர் நேரில் நடத்தும் 1 மணிப் பாடத்தைத் தயாரிக்கச் சராசரி 43 மணி உழைப்பு வேண்டும். அதுவே மிகச் சாதாரணமான கணினிவழிப் பாடமானால் 79 மணி. மாணவர் இடையிடையே பதிலளித்துப் பங்குகொள்ளும் பாடமானால் 184 மணி. தொழில்முறையை அப்படியே திரையில் நடித்துக் காட்டும் பாடமானால் 490 மணி. இவை கலாசாலைக் கணக்கல்ல. பலர் சேர்ந்து செய்யும் உழைப்பின் கணக்கு. எனினும் விகிதத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். மட்டமான பாடத்திற்கே ஏறக்குறைய இரண்டு மடங்கும், நல்ல பாடத்திற்கு நான்கு மடங்குக்கு மேலும் உழைப்பு ஆகிறது.

தொலைவிலிருந்து கற்பிக்கும் கலையில் பெயர் பெற்ற பிரிட்டிஷ் திறந்தநிலைச் சர்வகலாசாலை இந்த உண்மையை முதலிலேயே உணர்ந்திருந்தது. 1969-ஆம் ஆண்டு ஏப்ரலில் அதற்கு அரச சாசனம் கிடைத்தது. பாடம் தொடங்கியதோ 1971-ஆம் ஆண்டு ஜனவரியில்தான். இடைக்காலம் பாடங்களை ஆக்குவதற்கே வேண்டியிருந்தது. அங்கே ஒரு பாடத்தை ஒரே ஆசிரியர் தலையில் கட்டவில்லை. துறை அறிஞர்கள், கற்பிக்கும் முறை அறிந்தவர்கள், பதிப்பாசிரியர்கள், பி.பி.சி. தயாரிப்பாளர்கள் ஆகியோர் ஒரு குழுவாகக் கூடி, ஒருவர் எழுதியதை மற்றவர் கண்டித்துத் திருத்தி, பாடத்தை உருவாக்கினார்கள்.

2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது நம் தேசத்தில் நடந்தது இதற்கு நேர்மாறானது. மார்ச்சு மாதத்தில் கலாசாலைகள் மூடப்பட்டன; சில வாரங்களுக்குள் ஆசிரியர்கள் கைத்தொலைபேசியை எதிரே நிறுத்தி வைத்துப் பாடம் சொல்லத் தொடங்கினார்கள். அது ஆபத்துக்குச் செய்த உதவி. அதைக் குறைகூறுவது நன்றிகெட்ட செயல். ஆனால் அதையே இணையவழிக் கல்வியின் இலக்கணமாகக் கொண்டது பெரும் பிழை. அதே மார்ச்சு மாதத்தில் அமெரிக்காவின் எடுகாஸ் ரெவ்யூ பத்திரிகையில் கல்வி நிபுணர் சிலர் இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டினர். ஒரு சர்வகலாசாலைப் பாடத்தை முறையாக இணையத்தில் அமைக்க, நடத்துமுன் 6 முதல் 9 மாதம் வரை ஆகும் என்பது அவர்கள் கணக்கு.

பாடம் ஆக்கியதோடு வேலை ஓய்வதுமில்லை. 1860-ஆம் ஆண்டில் வெள்ளையர் சர்க்கார் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில், 2024 ஜூலை 1 முதல் பாரதீய நியாய சங்கிதை அமலுக்கு வந்தது. வகுப்பில் சட்டம் கற்பிப்பவர் தம் குறிப்பைத் திருத்திக்கொண்டு மறுநாள் பாடம் சொல்லலாம். பழைய சட்டப் பிரிவுகளைக் காட்டிப் பதிவான பாடத்தையோ மறுபடி எழுதி, மறுபடி பதிந்து, வினாக்களையும் புதிதாக்க வேண்டும். திருத்தாமல் விட்டால் அந்தப் பாடம் மாணவரை வழிதவறச் செய்யும்.

இணையவழிக் கல்வி வேண்டாம் என்பதல்ல நம் கட்சி. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டம், சிற்றூர்க் கலாசாலை மாணவனுக்கும் பெரிய ஆசிரியர்களின் பாடம் எட்டும்படி செய்த நற்காரியம். பல்லாயிரவர் படிக்கும் பாடத்திற்கு நூற்றுக்கணக்கான மணி நேரம் செலவிடுவது நியாயமே. தலைக்கு விழும் செலவு சொற்பமாகிவிடும். இரண்டாம் தடவை நடத்துகையில் பளுவும் குறையும். ஆனால் 40 பேருக்கு ஒரு தடவை மட்டும் நடக்கும் பாடத்தை இணையத்தில் ஏற்றுவது சிக்கனமாகாது. கரும்பலகையும் நல்ல ஆசிரியருமே அங்கே மலிவு, மேலும்கூட.

ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம் என்று 2021-இல் யு.ஜி.சி. அனுமதித்தது, அதற்கு முன் இருந்த வரம்பு 20 சதவீதம். இவ்வளவு பெரிய பங்கு இணையத்திற்குப் போகும்போது அதை ஆக்குவோரின் நேரத்தை யார் எண்ணுவது? யு.ஜி.சி.யின் 2018-ஆம் ஆண்டு விதிகள் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரடிப் போதனை என்று வகுத்தன. இணையவழிப் பாடம் ஆக்கியவருக்குப் பதவி உயர்வுக்கான மதிப்பெண்களையும் வைத்தன. மதிப்பெண் நல்லதே, ஆனால் மதிப்பெண் நேரமாகிவிடாது. 16 மணியும் வகுப்பில் நின்றுவிட்டு இரவில் கண்விழித்து ஆக்கும் பாடம் எப்படிச் செழிக்கும்?

ஆகவே, இணையவழிப் பாடம் கேட்கும் நிர்வாகம், அதை ஆக்கும் பருவத்தில் ஆசிரியரின் வகுப்பு மணியைக் குறைக்க வேண்டும். பதிவுக்கும் பதிப்புக்கும் ஆள் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் திருத்துவதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். இம்மூன்றும் செய்ய மனமில்லாதவர்கள் அந்தப் பேச்சையே எடுக்காமலிருப்பது நலம். ஆசிரியர் சங்கங்கள் இதைச் சலுகையாகக் கெஞ்சாமல் உரிமையாகக் கேட்க வேண்டும். உழைத்தவன் நேரத்தைக் கணக்கில் எழுதாத ஸ்தாபனம் கல்வியை வளர்த்ததாக எங்கும் சரித்திரமில்லை.