பள்ளி மேலாண்மைக் குழு: உறுப்பினர்களை அறிந்துகொள்வது எப்படி?

பள்ளி மேலாண்மைக் குழு என்பது, ஒரு பள்ளியின் செயல்பாட்டைக் கவனிக்கவும், வளர்ச்சிக்குத் திட்டமிடவும், பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்கவும் சட்டப்படி அமைக்கப்படும் குழு ஆகும். 2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. அச்சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இப்பிரிவு பொருந்தாது. உதவி பெறும் பள்ளிகளில் குழு உண்டு. ஆனால் 2012-இல் வந்த திருத்தத்தின்படி அங்கு அது ஆலோசனை மட்டுமே சொல்ல முடியும்.

சட்டம் வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும், குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பெற்றோருக்கே தெரியாத நிலை பல ஊர்களில் இருக்கிறது. உறுப்பினர்களுக்கே தாம் உறுப்பினர் என்று தெரியாத நிலையையும் ஆசிரியனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். ஒரு பள்ளியில் நெசவாளர் வீட்டுத் தாய் ஒருவர், மகனை அழைத்துப் போக வந்தவர், "சார், போன மாசம் ஒரு நோட்டுல கையெழுத்து வாங்கினாங்களே, அது எதுக்கு?" என்று என்னிடம் கேட்டார். அது கூட்டத் தீர்மானப் பதிவேடு. அவர் குழுவின் உறுப்பினர். குழுவை அறிவது என்றால் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதல்ல என்று எனக்கு உறைத்தது அன்றுதான்.

உறுப்பினர் யார் யார்?

குழுவில் நான்கில் மூன்று பங்கினர் அப்பள்ளியில் படிக்கும் குழந்தைகளின் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினர், பின்தங்கிய பிரிவினர் ஆகியோரின் குழந்தைகள் எந்த விகிதத்தில் படிக்கிறார்களோ, அந்த விகிதத்தில் அவர்களின் பெற்றோருக்கும் இடம் தர வேண்டும். எஞ்சிய இடங்களில் தலைமை ஆசிரியர், ஓர் ஆசிரியர், உள்ளாட்சி உறுப்பினர்கள், கல்வியில் ஈடுபாடுள்ளோர் ஆகியோர் வருவர். தலைமை ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டுபவர், தலைவர் அல்லர். இதைப் பலர் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். தலைவர் பெற்றோரில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அப்பொறுப்பு பெண்ணுக்குரியது.

தமிழ்நாட்டில் 2022-இல் "நம் பள்ளி நம் பெருமை" என்ற இயக்கத்தோடு எல்லா அரசுப் பள்ளிகளிலும் இக்குழுக்கள் 20 உறுப்பினர்களுடன் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. பதவிக்காலம் இரண்டு ஆண்டுகள். 2024 மறுகட்டமைப்பில் எண்ணிக்கை 24 ஆனது. முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர். இது நல்ல மாற்றம் என்பது என் கருத்து. பிள்ளை பள்ளியை விட்டுப் போனதும் பெற்றோரின் அக்கறையும் போய்விடும். முன்னாள் மாணவருக்கு அப்படி இல்லை.

உள்ளாட்சி உறுப்பினர் யார் என்பது ஊரைப் பொறுத்தது. காஞ்சிபுரம் 2021-இல் மாநகராட்சி ஆனது. நகரத்துப் பள்ளியில் மாமன்ற உறுப்பினர் வருவார். சுற்றியுள்ள ஊராட்சிகளின் பள்ளிகளில் ஊராட்சி வார்டு உறுப்பினர் வருவார்.

பழைய பெயர், பழைய வழக்கம்

எங்கள் பக்கத்து முதியவர்கள் அரசுப் பள்ளியை இன்றும் "போர்டு ஸ்கூல்" என்பார்கள். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் பள்ளிகளை நடத்தியதால் வந்த பெயர் அது. 1958-ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு தொடக்கப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களின் கைக்கு வந்தன. அதே காலத்தில், காஞ்சிபுரம் பகுதியின் நெய்யாடுபாக்கத்தில் பிறந்த நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறைக்குத் தலைமை தாங்கி, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ஊர்மக்கள் மேசை, நாற்காலி, கட்டடம் என்று பள்ளிக்குக் கொடுத்தார்கள். கொடுக்கும் உரிமை அன்றே இருந்தது. கணக்குக் கேட்கும் உரிமை சட்டமாக வர அரை நூற்றாண்டு ஆயிற்று.

அதற்கும் முன்பு போக விரும்புவோர் எங்கள் மாவட்டத்து உத்திரமேரூருக்குப் போகலாம். முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றின் உறுப்பினரைக் குடவோலை வழியாகத் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்கின்றன. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதியற்றவர் என்பது அதில் ஒரு விதி. ஆனால் நிலமும் சொந்த மனையும் உள்ளவர்களே உறுப்பினராக முடிந்தது. தறிக்கூலியில் வாழும் ஒரு தாய் தலைவராக அமர்வதை அந்த வாரியம் நினைத்துக்கூடப் பார்த்திருக்காது.

வெளிநாடுகளில்

இங்கிலாந்தில் 1870-ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தல் வழியாகப் பள்ளி வாரியங்களை அமைத்தது. பாராளுமன்றத்துக்கு வாக்களிக்க முடியாத பெண்கள் அதில் போட்டியிடலாம். முதல் தேர்தலிலேயே லண்டன் வாரியத்துக்கு எலிசபெத் கேரட்டும் எமிலி டேவிசும் தேர்வானார்கள். அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் இன்றும் வாரிய உறுப்பினரை மக்கள் வாக்களித்தே தேர்ந்தெடுக்கிறார்கள். இலங்கையில் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இதற்கு நெருக்கமானது. நம் குழுவுக்கு அமெரிக்க வாரியம்போல வரி விதிக்கவோ நிரந்தர ஆசிரியரை நியமிக்கவோ அதிகாரம் இல்லை.

அப்படியானால் அதிகாரம் எது?

மூன்று வேலைகள் முக்கியமானவை. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது ஒன்று. மானியம் செலவாவதைக் கண்காணிப்பது மற்றொன்று. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட வரையறைப்படி 101 முதல் 250 மாணவர்கள் உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 50,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். கழிப்பறையில் தண்ணீர் வராத பள்ளியில் உறுப்பினர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதிலிருந்தே பிறக்கும்.

மூன்றாவது, சுற்றுப்புறக் குழந்தைகள் எல்லாரும் பள்ளியில் சேர்ந்து தொடர்ந்து வருகிறார்களா என்று பார்ப்பது. காஞ்சிபுரத்துக்கு இதன் அருமை தனியாகத் தெரியும். கோர்வைப் பட்டுச் சேலையில் உடலும் கரையும் வேறு நிறமாக இருப்பதால், நெசவாளருக்கு எதிர்ப்புறம் அமர்ந்து கரைக்கான நாடாவை எறிந்துகொடுக்க இன்னோர் ஆள் வேண்டும். பல காலம் அந்த ஆள் ஒரு குழந்தை. அந்த வழக்கம் பெருமளவு ஒழிந்துவிட்டது. ஆனாலும் எட்டாம் வகுப்புப் பையன் திடீரென்று வராமல் போனால், அவன் எந்த வீட்டில், என்ன வேலையில் இருக்கிறான் என்பது வருகைப் பதிவேட்டுக்குத் தெரியாது. அதே தெருவில் குடியிருக்கும் குழு உறுப்பினருக்குத் தெரியும்.

அறிந்துகொள்ளும் வழிகள்

பல பள்ளிகளில் உறுப்பினர் பெயர்களைப் பலகையிலோ சுவரிலோ எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே இல்லையென்றால் தலைமை ஆசிரியரிடம் நேரில் கேட்கலாம். கேட்பதில் தயக்கம் வேண்டாம். நல்ல தலைமை ஆசிரியர்கள் கேட்பவரை வரவேற்பார்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆனால் முதல் நாளே அந்த ஆயுதத்தை எடுப்பது உறவைக் கெடுக்கும். கிராமசபைக் கூட்டத்திலும் பள்ளியைப் பற்றிப் பேசலாம்.

பெயர் தெரிந்த பிறகு செய்ய வேண்டியது, அவர்களில் உங்கள் தெருவுக்கு அருகில் இருப்பவரைப் பார்ப்பது. அடுத்த கூட்டம் எப்போது, போன கூட்டத்தில் என்ன தீர்மானம், அது நடந்ததா என்ற மூன்று கேள்விகள் போதும். உறுப்பினருக்கு விடை தெரியவில்லை என்றால் அவரைக் குறை சொல்லாதீர்கள். கூட்டம் பெரும்பாலும் வேலைநாள் பிற்பகலில் நடக்கிறது. தறியை நிறுத்தினால் அன்றைய கூலி போகும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வண்டியில் போகும் பெண்ணுக்கு ஷிப்டு முடிந்திருக்காது. வர முடியாதவரின் வீட்டுக்கே பதிவேடு கையெழுத்துக்குப் போவது இப்படித்தான் தொடங்குகிறது.

நான் சொன்ன அந்தத் தாய்க்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அடுத்த கூட்டத்துக்கு வந்தவர், கையெழுத்துப் போடும் முன் தீர்மானத்தை யாராவது வாசித்துக் காட்டுங்கள் என்றார். வாசித்தோம். பெண்கள் கழிப்பறைக் குழாயைச் சரிசெய்தாயிற்று என்று அதில் இருந்தது. "எம்பொண்ணு நேத்துகூட வீட்டுக்கு வந்துதான் போனா" என்றார் அவர். அந்த வரியை அடித்துவிட்டு, குழாய் வந்த பிறகு எழுதினோம்.