பத்தாயப்புரைகளின் பாதுகாப்பு

பாலக்காட்டு நெல்வயல்களையொட்டிய பழைய பெருநிலக்கிழார் இல்லங்களில், நெல்லைச் சேமிக்கும் பத்தாயப்புரை தனிக் கட்டடமாகவே விளங்கிற்று. உள்ளே ஈரம் எட்டாதவாறு மரப்பலகைகளால் பத்தாயம் அமைக்கப்பட்டது. சுவர்கள் பெரும்பாலும் வெட்டுக்கல் எனப்படும் செம்புரைக்கல்லால் ஆனவை. வெட்டும்போது மென்மையாயிருக்கும் இக்கல், காற்றுப்பட்டதும் இறுகும். 1807-இல் வெளிவந்த தமது பயண நூலில் பிரான்சிஸ் புக்கானன் இதனை விவரித்துள்ளார்.

இவை சிதைவதற்குக் காலம் மட்டுமே காரணமன்று. 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் குத்தகை முறை ஒழிக்கப்பட்டது. உழுதவர் நிலவுரிமை பெற்றனர். நீதிக்கு உகந்த இம்மாற்றத்தால் பாட்ட நெல் வரத்து நின்றது, பத்தாயங்கள் பயனிழந்தன.

செப்பனிடுவதிலும் கவனம் தேவை. சுண்ணாம்புக் காரை சுவரின் ஈரத்தை வெளியேற்றும். சிமெண்டுப் பூச்சோ அதனை உள்ளேயே அடைத்துக் கல்லை அரிக்கச் செய்யும்.

1968-ஆம் ஆண்டுக் கேரளத் தொல்லியல் சட்டம், அறிவிக்கை செய்யப்பட்ட சின்னங்களையே காக்கிறது. ஏனையவற்றின் பராமரிப்புச் சுமை உரிமையாளரையே சாரும். ஒற்றப்பாலம் அருகிலுள்ள வரிக்காசேரி மனை, 'தேவாசுரம்' (1993) முதலிய திரைப்படங்களின் படப்பிடிப்புத் தலமாகப் புதுப் பயன் பெற்றது. பயன்பாடுள்ள கட்டடத்தையே மக்கள் பேணுவர் என்பதைத் திட்டமிடுவோர் கருத்திற்கொள்ளுதல் வேண்டும்.