மதகு இருக்கும் இடம்

பௌத்தத் தியானம் என்றதும் கண்ணை மூடிய ஒரு முகம்தான் நம் நினைவுக்கு வரும். ஏரி வற்றிக் கிடக்கும்போது ஒருவர் ஓரமாக உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பதால் யாருக்கு என்ன லாபம்? நியாயமான கேள்விதான். பதில் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். உத்திரமேரூரில் பஸ் ஏறினால் காஞ்சிபுரம்.

640 வாக்கில் அங்கே வந்த சீன யாத்ரிகர் யுவான் சுவாங், நூற்றுக்கு மேற்பட்ட விகாரங்களையும் பத்தாயிரம் பிக்குகளையும் பற்றி எழுதியிருக்கிறார். மணிமேகலைக் காப்பியம் முடிவதும் அந்த ஊரில்தான். மழை பொய்த்த காலம். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபிப் பாத்திரத்தோடு வந்த மணிமேகலை, கண் தெரியாதவர், கால் முடங்கியவர் என்று எல்லோருக்கும் சோறு போடுகிறாள், விலங்குகளுக்கும்தான். பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் அவள் தத்துவம் கேட்பது அதற்கப்புறம்.

துக்கம் எங்கிருந்தோ வந்து விழுவதில்லை, 12 கண்ணிகள் கொண்ட சங்கிலியாக வருகிறது என்பது அந்தத் தத்துவம். நடுவில் உள்ள நாலை மட்டும் பார்ப்போம்: ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று.

பக்கத்துக் கழனியில் புதிதாக போர் போட்டிருக்கிறார்கள். குழாயில் தண்ணீர் தொடைப் பருமனுக்குக் கொட்டுகிறது. அது நம் கண்ணில் படுகிறது, இதுதான் ஊறு. உள்ளே சுருக்கென்கிறது, நுகர்வு. 'நாம இன்னும் நூறு அடி கூட இறக்கினா என்ன?' இது வேட்கை. கடன் வாங்கி இறக்கியும் விடுகிறோம். 'என் போரு, என் தண்ணி' என்று பற்று வந்துவிடுகிறது. அடியில் ஓடுவது எல்லோருக்கும் பொதுவான நீர். ஊரே இப்படி இறக்கிக்கொண்டு போனால், நவரை நெல் கதிர் பிடிக்கும் நேரத்தில் மோட்டார் காற்றைத்தான் இழுக்கும்.

கண்ணில் படுவதைத் தடுக்க முடியாது. சுருக்கென்பதையும் தடுக்க முடியாது. ஆனால் நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில், ஏரிக்கு மதகு மாதிரி, இறக்கி மூடக்கூடிய ஓர் இடம் இருக்கிறது. அது இருப்பது தெரிந்தால்தானே மூட முடியும்? அதைக் கண்டுகொள்ளத்தான் மூச்சைக் கவனிக்கும் பழக்கம். கண்ணை மூடுவது பழகும் நேரத்தில் மட்டும். பழகியது உதவுவது வரப்பில் நிற்கும்போது.

கருணையையும் நாம் 'ஐயோ பாவம்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். இலங்கையில் ஆசிரியராக இருந்த ஆரியரத்ன 1958-இல் தன் மாணவர்களைக் கனதொலுவ என்ற ஒடுக்கப்பட்டோர் கிராமத்துக்குச் சிரமதானம் செய்யக் கூட்டிப்போனார். சர்வோதய இயக்கம் தொடங்கியது அப்படித்தான். எல்லா உயிரும் நலமாக இருக்கட்டும் என்று சற்று நேரம் நினைத்துவிட்டு மண்வெட்டியை எடுப்பது அவர்கள் வழக்கம்.

மனதைக் கவனித்தாலே பூமி சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஊருக்கு ஓர் ஏற்பாடும் வேண்டும். உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அப்படி ஒன்றைச் சொல்கிறது. அதை வகுத்தது ஊரின் பிராமணர் சபை, பௌத்தர்கள் அல்ல. ஏரி வாரியத்துக்கு 6 பேர், பதவி ஒரே வருஷம். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரையும் அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும், ஆள் தேர்ந்தெடுக்கக் குடத்தில் போடும் குடவோலையில் எழுதக் கூடாது.