மலையகப் பாட்டும் சேர்ந்திசையும்

பதுளையிலிருந்து பசறை வழியாக நமுனுகுல மலையை நோக்கிச் செல்லும் பாதையிலே தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. அங்குள்ள தொழிலாளரின் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் தமிழகத்திலிருந்து வந்தவர். அவர்கள் கொண்டுவந்த பொருள் சிறிது, பாட்டோ பெரிது. அவர்கள் வாழும் வரிசை வீடுகளை 'லயம்' என்பர். 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல் மருவியதே அது. இசைக்குரிய சொல்லொன்று ஒடுங்கிய அறைக்குப் பெயராய் அமைந்தது விந்தையே.

தாலாட்டு, கும்மி, ஒப்பாரி, மாசி மாதக் காமன் கூத்துப் பாட்டு, கங்காணியை ஏசும் பாட்டு என இவை பலவகைப்படும். இவற்றைத் திரட்டிய சி. வி. வேலுப்பிள்ளையின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983-இல் நூலாயிற்று. எனினும், ஏட்டிலே சொல் நிற்கும். மெட்டு எவ்வாறு நிற்கும்?

அமெரிக்காவிலே ஷேக்கர் என்னும் எளிய சமயக் கூட்டத்தார் இதற்கொரு வழி கண்டனர். 1774-இல் இங்கிலாந்திலிருந்து அங்குச் சென்றவர்களின் வழிவந்த இவர்கள், வாத்தியமின்றி ஒரே குரலாய்ப் பாடினர். மெட்டுகளை எழுத்துக்களாற் குறித்தும் வைத்தனர். இக்காலத்திலே கெவின் சீக்ஃபிரீட் என்னும் இசையமைப்பாளர் அப்பாட்டுகளைப் பல்குரற் சேர்ந்திசையாக அமைத்துள்ளார். தமிழ்நாட்டிலே எம். பி. சீனிவாசன் (1925–1988), சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைக் கொண்டு, பாரதியார் பாடல்களையும் பிறமொழிப் பாடல்களையும் அவ்வாறே பாடுவித்தார்.

ஊவாவின் பாட்டுகளையும் இவ்வாறு அமைக்கலாமா? அமைக்கலாம், ஆயின் எச்சரிக்கை வேண்டும். மேனாட்டுச் சேர்ந்திசையிலே உயர்ந்த பெண் குரல், தாழ்ந்த பெண் குரல், உயர்ந்த ஆண் குரல், தாழ்ந்த ஆண் குரல் ஆகிய நான்கும் ஒரே வேளையில் வெவ்வேறு சுரங்களைப் பாடும். நம் பாட்டோ ஒரே இழையாக, சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்வது. அடியிலே பல சுரங்களை அடுக்கினால், அவற்றோடு பொருந்துவதற்காக அவ்வழுக்கலை நிமிர்த்த நேரிடும். ஒப்பாரியின் உயிர் அவ்வழுக்கலிலேதான் உள்ளது. ஆகவே அதனைக் குழுவுக்கு எடாது, தனிக் குரலுக்கே விடுதல் நன்று.

கும்மியின் நிலை வேறு. ஒருத்தி முன்பாட, மற்றையோர் ஏற்றுப் பாடுவது அதன் இயல்பு. பாதிச் சேர்ந்திசை அங்கேயே இருக்கிறது! முன்பாட்டைத் துணையின்றி விட்டு, தாழ்ந்த குரல்கள் சுருதியை மட்டும் பிடித்து நிற்க, ஏற்றுப் பாடுமிடத்திலே பல்குரலைச் சேர்ப்பின் பாட்டு குலையாது. காமன் கூத்துப் பாட்டுக்குத் தப்பு இன்றியமையாதது. ஒரு காலத்திலே விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்குக் கூட்டியதும் அத்தப்பே. பியானோ அதன் இடத்தை நிரப்பாது.

இவை யாவற்றுக்கும் முதல் வேலை ஒன்றுண்டு. மெட்டறிந்த மூதாட்டியரின் குரலை, அவர்கள் இருக்கும்போதே, லயத்து வாசலிலே அமர்ந்து ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். சுரக்குறிப்பு எழுதுவது அதன் பின்னரே.